தட்டில் முளைக்காதது

எல்லாம் ஒரு மைக்கின் பஞ்சு உறையில்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திருப்பலியில் முதல் வாசகம் வாசிப்பவர் என் கணவர். இருபது வருடங்களாக அந்த இடம் அவருடையது. அவர் வாசித்து இறங்கியதும் அதே மைக்கில் பதிலுரைப் பாடல் பாட ஒரு பெண் ஏறுவாள். ஒருநாள் திருப்பலி முடிந்து எல்லோரும் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவள் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, கோவிச்சிக்காதீங்க. அண்ணன் படிச்சிட்டுப் போனதும் அந்த மைக்கு கிட்ட நிக்க முடியல. பஞ்செல்லாம் ஒரே வாடை."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நீ பாடும் பாட்டைச் சகித்துக்கொள்கிற மைக்குக்கு இதுவா பெரிது என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவள் சொன்னது உண்மை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பக்கத்தில் படுப்பவள் நான். அவருடைய தலையணை உறையில் தினமும் வெளிறிய ரத்தப் புள்ளிகள் இருக்கும். ஈறு அந்த அளவுக்குக் கெட்டுப்போயிருந்தது.

அவர் பாசிர் கூடாங்கில் எண்ணெய்த் தொட்டிகள் நிற்கும் ஒரு இடத்தில் மூன்று ஷிப்ட் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறுமுன் சர்க்கரை தூக்கலாக ஒரு கோப்பி, வீட்டுக்கு வந்ததும் பல் துலக்காமல் தூக்கம். எழுந்ததிலிருந்து வாய் ஓயாத பேச்சு. பேசுகிற வாய்க்குப் பராமரிப்பு எதற்கு என்பது அவர் கட்சி. "நீங்க வாயத் தொறந்தா கொசு மருந்தே வேணாம்" என்று நான் கேலி செய்வேன். அப்போதும் சிரிப்பார், அந்தச் சிரிப்பிலும் வாடை வரும்.

நான் ஸ்கூடாயில் ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவது, கிருமி வளர்க்கும் வட்டத் தட்டுகளில் அகார் ஊற்றி வைப்பது, பாடம் முடிந்ததும் அந்தத் தட்டுகளை ஆவியில் வேகவைத்துக் குப்பைக்கு அனுப்புவது, இவைதான் என் வேலை. அகார் என்றால் ஏதோ பெரிய ரசாயனம் என்று நினைக்க வேண்டாம். கிறிஸ்துமஸுக்குப் பச்சை, சிவப்பு என்று கலர் போட்டு நாம் செய்கிற அதே அகார்-அகார்தான். இங்கே சர்க்கரைக்குப் பதிலாகக் கிருமிக்குப் பிடித்ததைப் போடுவோம். எனக்குப் பட்டம் கிடையாது. ஆனால் பட்டம் வாங்கியவர்களெல்லாம் எதைக் காணவில்லை என்றாலும் என்னிடம்தான் வந்து நிற்பார்கள்.

ஒவ்வொரு வருடமும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறைப் பாடம் உண்டு. பஞ்சுக் குச்சியால் தங்கள் கன்னத்தின் உட்பக்கத்தைத் துடைத்து, அதைத் தட்டு முழுக்கத் தேய்க்க வேண்டும். பிறகு பூண்டு, கிராம்பு, மஞ்சள், மாதுளைத் தோல் என்று ஒவ்வொன்றின் சாற்றிலும் நனைத்த சின்னக் காகித வில்லைகளை அதன்மேல் வைத்து, தட்டைச் சூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் தட்டு முழுவதும் கிருமி படர்ந்து மங்கலாகியிருக்கும். வேலை செய்கிற சாறு எதுவோ அதன் வில்லையைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் பளிச்சென்று இருக்கும். எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் சோப்பு ஒரு சொட்டு விழுந்தால் எண்ணெய் விலகி நிற்குமே, அது மாதிரி. மாதுளைத் தோலைச் சுற்றி அந்த வட்டம் விழாத வருடமே இல்லை. பூண்டுக்கும் விழும், ஆனால் பூண்டுச் சாற்றைக் கொப்புளித்துவிட்டு மைக் முன்னால் நிற்க முடியாது.

யாரோ சொல்லக் கேட்டு நம்பிய வைத்தியம் இல்லை இது. வருடா வருடம் என் கையால் வில்லை நனைத்து, என் கண்ணால் வட்டத்தைப் பார்த்து நம்பியது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை நான் என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

கல்லூரி வாசலில் பழச்சாறு விற்கும் மலாய்க்காரரிடம் மாதுளைத் தோலைக் கேட்டேன். "குலிட் சஜா, காக்?" என்று சிரித்தார். தோல் மட்டுமா அக்கா என்று அர்த்தம். ஒரு பை நிறையக் கொடுத்தார். வெயிலில் காயவைத்து, இடித்து, கொதிக்கவைத்து, தண்ணீர் பாதியாக வற்றியதும் துணியில் வடிகட்டினேன். கறுப்பாக வந்தது.

"என்னாடி இது, கோப்பி ஓ மாரி இருக்கு. குடிக்கலாமா?"

"குடிக்காதீங்க. நல்லா கொப்புளிச்சித் துப்புங்க. ரெண்டு வேள."

கொப்புளித்தார். முகம் கோணிக்கொண்டது. "அலமாக், வாயே சுருங்கிப் போச்சி லா!"

துவர்ப்பு அப்படி. ஆனால் சொன்னால் கேட்பார். வேலைக்கும் ஒரு பாட்டில் எடுத்துப் போனார். சில வாரங்களில் தலையணை உறையில் ரத்தப் புள்ளிகள் நின்றன. வாடையும் போய்விட்டது. பாட்டுக்காரி என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, அதுவே எனக்குப் போதும்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். என் கை சும்மா இருக்கவில்லை. கொப்புளிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு பஞ்சுக் குச்சியால் அவர் ஈறைத் துடைத்து, மிஞ்சிப்போன தட்டு ஒன்றில் தேய்த்து, பிள்ளைகளின் தட்டுகளுக்கு நடுவில் ஒளித்து வளர்த்திருந்தேன். சொந்த விஷயத்துக்குத் தட்டைத் தொடக்கூடாது என்பது கல்லூரி விதி. விதி எனக்குத் தெரியும், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதே நான்தான். ஒரு மாதம் கழித்து மறுபடியும் துடைத்து வளர்த்தேன். முதல் தட்டில் ரவையைக் கொட்டின மாதிரி கிருமி. இரண்டாவதில் விரல் விட்டு எண்ணலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போனில் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன்.

அந்தப் படத்தை அவர் வேலையிடம் முழுக்கக் காட்டியிருக்கிறார். "என் பொண்டாட்டி சயன்டிஸ்ட் லா" என்று பீற்றியிருக்கிறார். ஷிப்ட் ஆட்கள் தங்களுக்கும் அந்த மாதுளைத் தண்ணீர் கேட்டார்கள். பழைய மினரல் பாட்டில்களில் ஊற்றிக் கொடுத்தேன். அந்த நாட்களில் நான் கொஞ்சம் பறந்துகொண்டுதான் இருந்தேன், மறைப்பானேன்.

மழைக்காலம் தொடங்கிய சமயம், ஒருநாள் சாப்பிடும்போது மிளகாய்ச் சம்பால் எரிகிறது என்று தட்டை நகர்த்திவைத்தார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கின் இடது ஓரத்தில் ஒரு அரிசி அளவுக்கு வெள்ளையாக ஒரு புண். அதற்கு நேராக உடைந்த கடைவாய்ப் பல் ஒன்று கூராக நின்றது.

"பல்லு குத்திருக்கு. தண்ணிய இன்னும் கெட்டியா வெச்சித் தரேன்."

கெட்டியாக வைத்துக் கொடுத்தேன். துவர்ப்பில் புண் மரத்துப்போய் எரிச்சல் அடங்கியது. எரிச்சல் அடங்கியதால் சம்பாலும் திரும்பி வந்தது. புண் மட்டும் போகவில்லை. சில வாரங்கள் கழித்து அந்தப் புண்ணின் மேலேயே பஞ்சுக் குச்சியை வைத்துத் துடைத்தேன். தட்டில் ஏறக்குறைய ஒன்றுமே முளைக்கவில்லை. அவ்வளவு சுத்தமான தட்டை நான் பிள்ளைகளிடம்கூடப் பார்த்ததில்லை.

"பாருங்க, கிளீன். ஒண்ணுமே இல்ல."

"அப்ப சரி" என்றார் அவர்.

இந்தத் தப்பை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஒன்றும் தெரியாதவள் என்றால் பயந்துபோய்க் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பாள். நன்றாகத் தெரிந்தவள் என்றால் இன்னும் வேகமாக இழுத்துக்கொண்டு போயிருப்பாள். இரண்டுக்கும் நடுவில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் நான். அகாரில் முளைப்பது வெளியிலிருந்து வந்த கிருமி. அவர் நாக்கில் முளைத்துக்கொண்டிருந்தது அவருடைய சொந்தச் சதை. அது எந்தக் காலத்திலும் என் தட்டில் முளைக்காது. எனக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. தட்டில் எது வளரும், எது வளராது என்று முதல் வகுப்பிலேயே விரிவுரையாளர் சொல்லிக் கொடுப்பதைப் பின்னால் நின்று எத்தனை வருடம் கேட்டிருக்கிறேன்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாமான் குடியிருப்பில் நான் சோற்றுப் பொட்டலம் வாங்கும் கடைக்கு அடுத்தது ஒரு பல் கிளினிக். அதன் கண்ணாடிக் கதவில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. வாயில் வந்த புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் உடனே காட்டுங்கள் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. சோற்றுக்குக் காத்திருந்த ஒவ்வொரு முறையும் அதைப் படித்தேன். அது வாயைத் திறந்து பார்க்க வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்காக எழுதியது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், வார்த்தை மாறாமல்.

ஏழு மாதம் போனது. கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் மகள். கூடவே இருக்கும் எனக்குக் கேட்காதது அவளுக்குப் போனில் கேட்டது. "அம்மா, அப்பா ஏன் வாயில மிட்டாய் வெச்சிக்கிட்டு பேசற மாரி பேசறாரு?" என்றாள். அந்தச் சனிக்கிழமையே பாலம் கடந்து வந்தாள். அப்பாவைச் சாப்பிட வைத்து எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். அவர் ஒரு பக்கமாகவே மென்றார். அவள் கார் சாவியை எடுத்தாள்.

அந்தப் போஸ்டர் ஒட்டிய கதவைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போனோம். பல் டாக்டர் இளம்வயதுச் சீனப் பெண். முதலில் ஈறைப் பார்த்தார். "இந்த வயசுக்கு ஈறு ரொம்ப நல்லா இருக்கே, என்ன போட்டுக் கழுவுறீங்க?" என்று மலாயில் கேட்டார். என் கணவர் என்னைக் கை காட்டினார். பிறகு டாக்டர் நாக்கை ஒரு துணியால் பிடித்து ஓரமாக இழுத்துப் பார்த்தார், விரலால் அழுத்தினார். கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "பாரு லா, டாக்டர். தீகா மிங்கு."

இப்போதுதான், மூன்று வாரம் என்று அர்த்தம். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் என் கழுத்து வலிக்கிறது.

மீதியை நீட்டுவதற்கு எனக்குத் தெம்பில்லை. பெரிய மருத்துவமனை, சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனை, அறுவை. நாக்கில் பாதிக்கு மேல் போயிற்று. கழுத்தில் கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு கதிர்ச் சிகிச்சை. சில மாதம் கழித்து மிச்ச நாக்கின் அடியில் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை வெட்டுவதற்கு இடம் இல்லை என்று சொன்னார்கள். இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் வந்தவரிடம் எப்படிச் சொல்வார்கள்?

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மூக்குக் குழாயில் பால் ஊற்றுவேன். பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது, போனில் எழுத்து அடித்துக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை வாசகம் வேறு ஒருவருக்குப் போனது. பாட்டுக்காரி பழங்களோடு பார்க்க வந்து, கட்டில் ஓரத்தில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். அவளைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது. அவள்மேல் ஒரு தப்பும் இல்லை.

அந்த வருடமும் கல்லூரியில் செய்முறைப் பாடம் வந்தது. வேறு ஆள் இல்லை, நான்தான் வில்லைகளை நனைத்து வைத்தேன். மறுநாள் தட்டுகளைத் திறந்தபோது மாதுளையைச் சுற்றி வட்டம் அப்படியே பளிச்சென்று இருந்தது. வட்டமாவது பொய்த்திருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது. அது ஏமாற்றியிருந்தால் அதன்மேல் பழியைப் போட்டிருப்பேன். அது சொன்ன வேலையைத்தான் செய்தது. கிருமியைக் கொல்லும் என்றது, கொன்றது. அதற்கு மேல் அது ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீதியெல்லாம் நானாகச் சேர்த்துக்கொண்டது. தட்டுகளை அள்ளி வேகவைக்கப் போட்டேன்.

பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பங்கு சாமியார் சின்ன வயசுக்காரர், பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, நீங்க வேணும்னு செய்யல. நல்லதுன்னு நெனச்சி செஞ்சீங்க. தெரியாம செஞ்சது பாவமே இல்லம்மா. இதுக்கு நான் என்னா மன்னிப்பு குடுக்கறது?"

சிலுவை வரைந்து ஆசீர்வாதம் கொடுத்து அனுப்பினார். வெளியே வந்து கார் நிறுத்தும் இடத்தில் வெயிலில் நின்றேன். பாவம் இல்லை என்று சொல்லிவிட்டால் பிறகு மன்னிப்பை எங்கே போய்க் கேட்பது? அதோடு, போஸ்டரைப் படித்ததை நான் சாமியாரிடம் சொல்லவே இல்லை. கடவுளிடம் சொல்லப் போன இடத்திலும் தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தேன்.

சொல்ல வேண்டிய ஆள் கட்டிலில் கிடந்தார். பல நாள் தள்ளிப்போட்டு, ஒரு மத்தியானம், பால் ஊற்றி முடித்து குழாயைக் கழுவி மூடியபிறகு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"நான் அந்தப் போஸ்டரப் படிச்சேங்க. எத்தனையோ வாட்டி. ரெண்டு வாரம்னு போட்டிருந்திச்சி. தட்டுல இதெல்லாம் தெரியாதுன்னும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கிளீன்னு சொன்னேன். நான்தான் ஒங்களக் கொன்னுட்டேன்."

அழுதேன். அவர் என்னை நிறுத்தவில்லை. அழுது முடிக்கும்வரை கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு மெதுவாக அடிக்க ஆரம்பித்தார். விரல்களில் வலு இல்லை, நேரம் பிடித்தது. என்னிடம் நீட்டினார்.

"போஸ்டர நானும் படிச்சேன். மொத மாசமே இது என்னான்னு தெரியும். அடியில கட்டியா இருந்திச்சி, ஒன்கிட்ட சொல்லல. டாக்டர்னா பயம். நீ கிளீன்னு சொன்னது எனக்கு வசதியா போச்சி. ஒன் தப்பு இல்ல."

படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. "பயமா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னாங்க!" என்று கத்திவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோபம் வந்த வழியே வடிந்ததும், ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. அன்றைக்கு டாக்டரிடம் மூன்று வாரம் என்று முந்திக்கொண்டவர்தானே இவர். எனக்காக ஒரு தரம் பொய் சொன்னவருக்கு இன்னொரு தரம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

முப்பத்தொரு வருடத்தில் அவர் சொன்ன பொய்களை எல்லாம் நான் குரலை வைத்தே பிடித்திருக்கிறேன். பொய் சொல்லும்போது கடைசி வார்த்தையைப் பாதியில் விழுங்கிவிடுவார். மூன்று வாரம் என்றபோதும் அந்த 'மிங்கு' சரியாக வெளியே வரவில்லை. போனை அவரிடம் திருப்பிக் கொடுத்து, "நெசமாவாங்க?" என்று கேட்டேன். "நெசம்" என்று அடித்துக் காட்டினார். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதையே காட்டினார்.

பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தார். போன் என்னிடம்தான் இருக்கிறது. அதை எடுத்து அந்த ஒரு வார்த்தையைப் பார்ப்பேன், முழு வார்த்தை, கடைசி எழுத்து வரைக்கும் தெளிவாக இருக்கிறது.